வீட்டில் கழியும் வாரத்துக்கும் விதி வேண்டும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் கடந்து செல்லும் ஊர் நெளுக்குளம். கல்வி தடைப்படுவது என்பது இப்பகுதி மக்களுக்குக் கொவிட் கொண்டுவந்த புதிய அனுபவமன்று. 2009ஆம் ஆண்டில் போரின் இறுதிக் கட்டத்தில் இலட்சக்கணக்கான மக்கள் வவுனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட போது, மாவட்டத்தின் பல பாடசாலைகள் முகாம்களாக மாறின. அதற்கு முன்னர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்தின் அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்காக வளர்ந்தனர். எனினும் அந்த இடப்பெயர்வுகளுக்கும் கொவிட் காலத்துக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. அன்று மாணவரோடு சேர்ந்து ஆசிரியரும் இடம்பெயர்ந்தார். மரநிழலிலோ தறப்பாள் கொட்டிலிலோ வகுப்பு மீண்டும் கூடியது. 2020இல் வகுப்பு கூடவே முடியாது போயிற்று. கற்றலின் முழுப் பொறுப்பும் வீட்டின் மீது, அதிலும் பெரும்பாலும் தாயின் மீது சுமத்தப்பட்டது.

2020 மார்ச் நடுப்பகுதியில் மூடப்பட்ட பாடசாலைகள் ஜூலையில் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டு, ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. 2021 ஏப்ரல் இறுதியில் மூடப்பட்டவை ஒக்டோபர் 21ஆம் திகதி வரை திறக்கப்படவில்லை. அன்றும் 200க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளுக்கே முதலில் அனுமதி கிடைத்தது. பின்னர் வந்த ஒழுங்கின்படி, 20 வரையான மாணவர்களைக் கொண்ட வகுப்பு நாள்தோறும் நடைபெறலாம். 21 முதல் 40 வரையெனில் இரு குழுக்களாகவும், 40க்கு மேற்பட்டால் மூன்று குழுக்களாகவும் பிரித்து மாணவரை மாறி மாறி அழைக்க வேண்டும். கலப்புக் கற்றல் என்று இன்று நாம் அழைப்பது இலங்கையில் பெருமளவில் நடைமுறைக்கு வந்தது இவ்வாறுதான்.

இந்த எண்ணிக்கை விதி, எவரும் எதிர்பாராத ஒரு நீதியையும் செய்தது. மாணவர் தொகை குறைவு என்பதற்காக மூடிவிடலாம் என்று அடிக்கடி பேசப்படும் வன்னியின் சிறிய பாடசாலைகளில் முழு வகுப்பும் ஒன்றாக அமர முடிந்தது. நகரத்துப் பெரிய பாடசாலைகளில் பெரும் பிரயத்தனப்பட்டு இடம்பிடித்த பிள்ளைகளோ முறைவைத்து வீட்டில் இருந்தனர். சிறிய பாடசாலைகளின் எதிர்காலம் பற்றித் தீர்மானிப்போர் இதை மறந்துவிடலாகாது.

ஆயினும் விதிகள் யாவும் பாடசாலை வாயிலோடு நின்றுவிட்டன என்பதே எமது பிரதான முறைப்பாடு. முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, கைகழுவும் இடம், இடைவேளையை மாற்றி விடுதல் ஆகிய அனைத்தும் விரிவாக வகுக்கப்பட்டன. வீட்டில் இருக்கும் குழுவிடம் எதை எதிர்பார்ப்பது என்பது அந்தந்த அதிபரினதும் ஆசிரியரினதும் மனப்போக்குக்கு விடப்பட்டது. ஓர் ஆசிரியர் ஸூம் வழியே நேரலை வகுப்பு நடத்தினார். இன்னொருவர் கரும்பலகையைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் இட்டார். வேறொருவர் இரவு பத்து மணிக்குக் குரற்பதிவு அனுப்பி, விடையை மறுநாட் காலையில் கேட்டார். இவர்களுள் எவரையும் குறைகூற நாம் முன்வரவில்லை. டேட்டாவுக்கான பணத்தைத் தம் கையிலிருந்தே செலவிட்ட ஆசிரியர்கள் பலர். சம்பள முரண்பாட்டை முன்வைத்து 2021 ஜூலை 12 முதல் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்த தொழிற்சங்கங்கள் இச்சுமையையும் சுட்டிக்காட்டின.

நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றிலேயே கணினி இருந்த காலம் அது. மூன்று பிள்ளைகள், ஒரு கைத்தொலைபேசி, அதுவும் கூலி வேலைக்குச் செல்லும் தந்தையின் சட்டைப்பையில் என்பதே நெளுக்குளம் போன்ற ஊர்களில் பல வீடுகளின் நிலை. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலைப் பாறை ஏறிய காட்சி அக்காலத்தில் உலகச் செய்தியாயிற்று. ஈ-தக்சலாவ தளத்திலும் நேத்ரா தொலைக்காட்சியிலும் தமிழ்மொழிப் பாடங்கள் இருந்தமை உண்மையே. ஆனால் தொலைக்காட்சி கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் பிள்ளை சொன்ன விடையைத் திருத்துவதில்லை.

ஆகவே விதி வகுப்போர் கணினியுள்ள வீட்டிலிருந்து அன்றி, ஒரு கைத்தொலைபேசி மாத்திரம் உள்ள வீட்டிலிருந்து சிந்திக்கத் தொடங்க வேண்டும். நேரலையில் தோன்றாமையை வரவின்மையாகக் கொள்ளலாகாது. வீட்டுக் குழுவின் வரவு, முடித்துக் கொடுக்கும் பயிற்சித்தாளைக் கொண்டு கணிக்கப்படுவதே நியாயம். ஒவ்வொரு குழுவும் பாடசாலைக்கு வரும் இறுதி நாளில், அடுத்த வாரத்துக்கான வேலையை அச்சுத்தாளாகக் கையிற் கொடுத்து அனுப்ப வேண்டும். அதற்கான தாளையும் மையையும் வலயக் கல்விப் பணிமனை முன்கூட்டியே வழங்க வேண்டும். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் கண்டோம்.

நேரம் பற்றிய விதியும் அவசியமானது. மாலை வேளையில் குர்ஆன் மத்ரஸாவுக்குச் செல்லும் பிள்ளைக்கும், வெள்ளி நண்பகல் ஜும்ஆ தொழுகைக்குச் செல்லும் ஆசிரியருக்கும், வயல் வேலை முடித்துப் பொழுதுபட வீடு திரும்பும் பெற்றோருக்கும் பொருந்தும் நேரம் எது என்பதைக் கொழும்பிலிருந்து தீர்மானிக்க இயலாது. முஸ்லிம் பாடசாலைகளின் ரமழான் விடுமுறை வேறு காலத்தில் வருவதால், ஒரே வலயத்தில் இரு நாட்காட்டிகள் இயங்குகின்றன. ஆகவே இத்தீர்மானம் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் எடுக்கப்படுவதே பொருத்தமானது.

கமெராவை இயக்குமாறு வற்புறுத்துவது குறித்தும் ஒரு வார்த்தை. ஓரறை வீட்டில் கமெராவை இயக்கினால் குடும்பத்தின் வறுமையும் அந்தரங்கமும் முழு வகுப்புக்கும் காட்சியாகிவிடும். தம் பெண்பிள்ளையின் முகம் பிறர் கைத்தொலைபேசியில் பதிவாகும் என்று அஞ்சித் தொடர்பைத் துண்டிக்கும் பெற்றோர் தமிழரிடையேயும் உளர், முஸ்லிம்களிடையேயும் உளர். குரல் மட்டும் போதும் என்றும், படம் பிடித்தல் முற்றாகத் தடை என்றும் எழுத்தில் இருக்குமாயின் அந்த அச்சத்துக்கு இடமிராது.

தொற்று தணிந்துவிட்ட பின்னர் இது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 2022இல் எரிபொருள் இல்லாமையால் ஜூலை இறுதியிலிருந்து சில காலம் வாரத்தில் மூன்று நாட்களே பாடசாலை நடைபெற்றது. ஏனைய நாட்களில் வீட்டுக் கற்றல். 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தச் செய்தது. மூன்று இடர்களுக்கும் காரணம் வெவ்வேறு. ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டில் இருந்த பிள்ளைக்கான ஒழுங்கு புதிதாகவே தேடப்பட்டது.

வடமாகாணக் கல்வித் திணைக்களம் இதனை ஒரு பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுதி, புதிய தவணையின் முதல் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கையளிக்க வேண்டும். வீட்டிலுள்ள கைத்தொலைபேசி எத்தனை, அது பகலில் யாரிடம் இருக்கும் என்ற இரு வினாக்களை அன்றே கேட்டு, வகுப்பாசிரியரின் இடாப்பில் குறித்துக்கொள்வதற்கு எந்தச் சுற்றுநிருபமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.