நம் மலையின் பண்டை வாழ்க்கை

முதியோர் நால்வர் கூடியிருந்து உரையாடும் இடமெல்லாம், "அக்காலமன்றோ காலம்!" என்னும் பேச்சு எழாது ஒழிவதில்லை. நாற்பதைக் கடந்த யானும் அப்பேச்சில் ஈடுபடத் தொடங்கிவிட்டேன். எனினும், வெறும் ஏக்கத்தோடு நின்றுவிடாது, நாம் இழந்தது யாது, ஒழிந்ததே நன்றென்று கொள்ளத்தக்கது யாது எனப் பகுத்துணர்தல் நம் கடனாகும்.

மலையை ஆள்பவர் என்னும் பொருளில் மலையாளிகள் எனப்படும் நம்மவர் ஜவ்வாது மலையிற் குடியேறிய வரலாறு செவிவழியாக வந்ததாகும். 1909-ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஆங்கில நூலிலும் அதனைக் காணலாம். கங்குந்தி வேடர், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டனர். சினங்கொண்டு கன்னியர் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவரை மீட்க எழுவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். "நாய்கள் தனித்து மீளுமாயின் நாங்கள் இறந்தோம் எனக் கொண்டு இறுதிக்கடன் செய்துவிடுக" என்று தத்தம் மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்றிலோ பெருவெள்ளம். ஆடவர் அரிதின் நீந்திக் கரையேறினர். நாய்கள் நடுவாற்றினின்றும் திரும்பி ஊர் புகுந்தன. வேடரை வென்று மீண்ட எழுவரும், தமக்கு இறுதிக்கடன் முடிந்து, மனைவியர் கைம்மைக் கோலம் பூண்டிருத்தலைக் கண்டனர். உயிரோடிருந்தும் ஊருக்கு இறந்தவராயினர். பின்னர் வேடர் குலப் பெண்டிரை மணந்து, இம்மலையேறி உழுதுண்டு வாழ்ந்தனர் என்பது கதை. இக்கதையின் பொருளை ஈற்றிற் காண்போம்.

இனி, யான் கண்ட வாழ்க்கையைக் கூறுவல். 1980-களின் பிற்பகுதியில் எங்கள் ஊரில் மூங்கிற் படலில் மண் பூசிப் புல் வேய்ந்த வீடுகளே மிகுதி. ஒவ்வொரு வீட்டிலும் தொம்பை ஒன்று இருந்தது. மழை கண்டு விதைத்த சாமையும் கேழ்வரகும் அதனுள் அடங்கும். உமி நீக்காத சாமை ஆண்டுகள் சில கடப்பினும் கெடாது. ஆதலின் ஓராண்டு வானம் பொய்ப்பினும் மற்றோராண்டின் விளைவு காக்கும். உப்பும் மண்ணெண்ணெயும் துணியுமே சந்தையில் வாங்குவன. களையெடுப்பும் அறுப்பும் ஊர் கூடி நடந்தன. இன்று என் நிலம், நாளை உன் நிலம் என்பதே கணக்கு. கூலி என்னும் சொல்லை யான் பள்ளி சென்ற பின்னரே மிகுதியும் கேட்டேன்.

இரவில் விளக்கின்மையை நாங்கள் குறையாகவே கருதினோம். ஆயின், அவ்விருளை நாடியன்றோ காவலூரில் வானாய்வகம் அமைத்தனர்! 1986-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி ஆண்டு நாட்டுக்கு அளிக்கப்பட்டது. இந்திய வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. நாம் வறுமையென நாணிய இருள் அறிஞர்க்குச் செல்வமாயிற்று.

இவ்வளவிற் கூறி நிறுத்துவேனாயின் பொய் உரைத்தவனாவேன். அச்சாமை உரலிற் குற்றிப் புடைத்தாலன்றிச் சோறாகாது. விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த என் அன்னையின் உள்ளங்கை காய்ப்பேறியிருந்தது. "பழைய நாள் இனிது" என்று அவர் ஒருநாளும் கூறியதிலர். என் தங்கை மூன்றாம் அகவையிற் காய்ச்சலுற்றாள். சாலையின்மையால் டோலி கட்டிக் கீழிறக்கினர். பாதி வழியிலேயே உயிர் நீத்தாள். அவளை நினையுந்தோறும், அக்காலத்தைப் புகழும் என் நா அடங்கிவிடுகின்றது. சாலையும் மருத்துவமும் அரைக்கும் பொறியும் வந்தது நன்றே.

பின் இழந்தது யாது? தன் வீட்டுத் தொம்பையில் தன் தானியம் இருந்தமையால் பிறன் வாயிலில் நில்லாத உரம் அது. பணத்தேவை பெருக, நம் இளைஞர் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் தோட்ட வேலைக்குச் சென்றனர். தரகர் சொற்கேட்டுச் செம்மரம் வெட்டச் சென்றவரும் உளர். 2015-ஆம் ஆண்டு ஏப்பிரல் 7-ஆம் நாள், ஆந்திர மாநிலத்துச் சேசாசலக் காட்டில் தமிழர் 20 பேர் காவலராற் சுடப்பட்டு மாண்டனர். அவருள் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். எழுவரோ உயிரோடு மீண்டனர், இவர் மீண்டிலர்.

அன்பர்காள்! பாலாற்றைக் கடந்த எழுவரும் மீளவும் காஞ்சிக்கு உரியராதல் இயலவில்லை. நாமும் இளமைக்கு மீளல் இயலாது. ஆயினும், அவர் ஆற்றங்கரையில் அழுதிருந்தாரல்லர். மலையேறி ஏர் பூட்டினர். நாமும் அவ்வாறே செய்வோமாக. வீட்டுக்கு ஒரு மரக்கால் விதைச்சாமை போற்றுக. முதியோர் வாய்மொழியைப் பள்ளிப் பிள்ளைகள் ஏட்டில் எழுதுக. செல்லுமிடம் கூறாத தரகனுடன் எவரும் மலையிறங்கற்க. பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், இடைநிறுத்தாது படிக்கவைக்க. பழமையைப் போற்றுதல் என்பது இதுவேயன்றிப் பிறிதன்று. இதுவே என் விண்ணப்பம்.