பதேர் பாஞ்சாலி: கைக்காசில் தொடங்கிய முதல் படம்

பதேர் பாஞ்சாலி 1955-ஆம் ஆண்டு வெளியான வங்க மொழித் திரைப்படம். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய அதே பெயருள்ள நாவலைத் தழுவியது. சத்யஜித் ராய் இயக்கிய முதல் படம். குறைந்த முதலீட்டில் படம் எடுக்க முனையும் இந்திய இளைஞர்கள் அதிகம் சுட்டிக்காட்டும் முன்னுதாரணம் இது. இப்படம் உருவான முறையைப் பார்த்தால், பணத்தின் பற்றாக்குறையை எவையெல்லாம் ஈடுசெய்தன, எவற்றை ஈடுசெய்ய முடியவில்லை என்ற இரண்டும் தெளிவாகின்றன.

பின்னணி

சத்யஜித் ராய் கல்கத்தாவில் டி. ஜே. கெய்மர் என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றினார். பதேர் பாஞ்சாலி நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படங்கள் வரைந்தபோது அதைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1947-இல் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்துக்காக வங்காளம் வந்தபோது, படப்பிடிப்புக்கு ஏற்ற இடங்களைத் தேடுவதில் அவருக்கு உதவினார்.

1950-இல் அலுவலகப் பணிக்காக லண்டன் சென்ற ராய் அங்கிருந்த மாதங்களில் ஏராளமான படங்களைப் பார்த்தார். அவற்றில் ஒன்று விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், அரங்கத்துக்கு வெளியே, தெருக்களில் எடுக்கப்பட்ட படம் அது. தன் மனதிலிருந்த படத்தையும் அவ்வாறே எடுக்க முடியும் என்ற உறுதி அவருக்கு அங்கேதான் ஏற்பட்டது.

தயாரிப்பாளர் தேடல்

நாவலாசிரியர் 1950-இல் காலமானார். அவர் மனைவி படமாக்க இசைவளித்தார். ராயிடம் முழுமையான திரைக்கதைப் பிரதி இல்லை. காட்சிகளை வரிசையாக வரைந்த ஓவியக் குறிப்பேடு ஒன்றும் சில குறிப்புகளும் மட்டுமே இருந்தன. சுமார் 70,000 ரூபாயில் படத்தை முடித்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டார். குறிப்பேட்டுடன் தயாரிப்பாளர்களைச் சந்தித்தார். பாடல்கள் இல்லாத, நட்சத்திரங்கள் இல்லாத, முன்பின் படம் எடுத்தறியாத ஒருவரின் முயற்சிக்குப் பணம் போட எவரும் முன்வரவில்லை.

எனவே கொஞ்சம் படம்பிடித்துக் காட்டினால் நம்பிக்கை வரக்கூடும் என்று எண்ணினார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் வாங்கினார். உறவினர்கள், நண்பர்களிடமும் பணம் பெற்றார்.

குழு

படக்குழுவில் பெரும்பாலோர் புதியவர்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவுக்கு அப்போது வயது 21. புகைப்படம் எடுப்பவரான அவர் அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியதில்லை. ஆனால் 'தி ரிவர்' படப்பிடிப்பை அருகிலிருந்து கவனித்துக் குறிப்புகள் எடுத்திருந்தார். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் அப்படத்தில் உதவியாளராகப் பணியாற்றியவர். குழுவுக்குப் படம் எடுத்த அனுபவம் குறைவாக இருந்தாலும், பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்த பயிற்சி இருந்தது.

நடிகர்களிலும் இதே கலவை காணப்படுகிறது. தந்தை ஹரிஹரராக நடித்த கானு பானர்ஜி அனுபவமுள்ள திரைநடிகர். தாய் சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜி மேடை நாடகங்களில் நடித்தவர். சிறுவன் அப்புவுக்காக நாளிதழில் விளம்பரம் செய்தும் பொருத்தமானவர் கிடைக்கவில்லை. கடைசியில் அக்கம்பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த சுபீர் பானர்ஜியை ராயின் மனைவி பிஜோயா கண்டுபிடித்தார். மூதாட்டி இந்திர் தாக்ருணாக நடித்த சுனிபாலா தேவி சுமார் 80 வயதான முன்னாள் நாடக நடிகை.

படப்பிடிப்பு

1952 அக்டோபர் இறுதியில் படப்பிடிப்பு தொடங்கியது. அப்புவும் அக்கா துர்காவும் நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் ஓடி முதன்முதலாக ரயிலைப் பார்க்கும் காட்சியே முதலில் எடுக்கப்பட்டது. ராய் வேலையை விடவில்லை. விடுமுறை நாட்களில்தான் படம் எடுக்க முடிந்தது. அடுத்த முறை அதே இடத்துக்குச் சென்றபோது பூக்கள் முழுவதையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீதிக் காட்சியை எடுக்க அடுத்த பூக்கும் பருவம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கல்கத்தாவை அடுத்த போரால் கிராமத்தில் சிதிலமடைந்த ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப்பட்டது. கதைக்குத் தேவையான நிலையில் அதைக் கொண்டுவரப் பன்சி சந்திரகுப்தா உழைத்தார். அரங்கம் கட்டும் செலவு இதனால் குறைந்தது. நடிகர்களுக்கு ஒப்பனை இல்லை. பகல்நேர வெளிப்புறக் காட்சிகளுக்குக் கிடைத்த வெளிச்சமே பெரிதும் பயன்பட்டது.

கைப்பணம் தீர்ந்ததும் ராய் தன் இசைத்தட்டுகளை விற்றார். பிஜோயாவின் நகைகள் அடகுக்குச் சென்றன. அதுவும் போதவில்லை. படப்பிடிப்பு ஏறத்தாழ ஓராண்டு நின்றது. இந்த இடைவெளி ராயைக் கடன்களைவிட அதிகமாக அச்சுறுத்தியது. அப்புவின் குரல் உடைந்துவிடலாம், துர்கா வளர்ந்துவிடலாம், சுனிபாலா தேவி இறந்துவிடலாம். மூன்றில் எது நடந்திருந்தாலும் எடுத்த காட்சிகள் வீணாகியிருக்கும். மூன்றும் நடக்கவில்லை. சுனிபாலா தேவி தன் பகுதியை முடித்துக்கொடுத்தார், ஆனால் படம் வெளியாகும் முன்பே காலமானார்.

அரசு நிதி

ராயின் தாய்க்குத் தெரிந்த ஒருவர் வழியாக மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயிடம் விஷயம் சென்றது. மாநில அரசு நிதியளிக்க ஒப்புக்கொண்டது. படத்தின் தலைப்புக்குச் சிறு பாதையின் பாட்டு என்பது போன்ற பொருள் இருந்ததால், அந்தத் தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. கிராம முன்னேற்றத்தைக் காட்டும்படி முடிவை மாற்றலாம் என்ற யோசனையும் அரசுத் தரப்பிலிருந்து வந்தது. ராய் அதை ஏற்கவில்லை.

பணம் தவணைகளாகவே வந்தது. ஒவ்வொரு தவணைக்கும் முந்தையதன் கணக்கைக் காட்ட வேண்டும். இருந்தாலும் 1954-இல் படப்பிடிப்பு மீண்டும் நடந்தது. அதற்கு ஈடாகப் படத்தின் உரிமை அரசிடம் சென்றது.

இறுதிக்கட்டம்

1954-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மன்ரோ வீலர் கல்கத்தா வந்தார். முடிவுறாத படத்தின் புகைப்படங்களைப் பார்த்து, அதைத் தங்கள் கண்காட்சியில் திரையிட விரும்பினார். பின்னர் அமெரிக்க இயக்குநர் ஜான் ஹஸ்டன் சில பகுதிகளைப் பார்த்துப் பாராட்டினார். முடிக்கவேண்டிய தேதி இப்போது உறுதியாகிவிட்டது. ராயும் படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் கடைசி நாட்களில் இரவுபகலாக வேலை செய்தனர்.

ரவிசங்கர் படத்தின் ஒரு பகுதியை மட்டுமே பார்த்துவிட்டு, விடியும்வரை நீண்ட ஒரே அமர்வில் பெரும்பாலான இசையை முடித்தார். துர்காவின் மரணத்தைக் கணவனிடம் சொல்ல முடியாமல் சர்பஜயா கதறும் இடத்தில் அவள் குரல் ஒலிப்பதில்லை. தார்ஷெனாய் என்ற கருவியின் ஓசை அக்கதறலாக ஒலிக்கிறது.

1955 மே 3 அன்று நியூயார்க்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அனுப்பப்பட்ட பிரதியில் துணைத்தலைப்புகள்கூட இல்லை. 1955 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் வெளியானது. தொடக்கத்தில் கூட்டம் குறைவு. ஓரிரு வாரங்களில் அரங்குகள் நிறைந்தன. 1955-ஆம் ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. 1956 கான் திரைப்பட விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்ற பரிசும் கிடைத்தது.

மதிப்பீடு

படத்தின் மொத்தச் செலவு 70,000 முதல் 1,50,000 ரூபாய் வரை என்று பலவாறாகக் கூறப்படுகிறது. அந்தத் தொகைக்குள் அடங்காத செலவுகளும் உண்டு. ஏறத்தாழ மூன்றாண்டு காலம், மாதச் சம்பளம் தந்த வேலை, மனைவியின் நகை, குழுவினரின் பொறுமை ஆகியவை எந்தக் கணக்கேட்டிலும் வரவில்லை. தனிமுயற்சி படத்தைத் தொடங்கி வைத்தது. அதை முடிக்க அரசின் பணம் தேவைப்பட்டது.

ராய்க்கு முன்பே 'சின்னமூல்' படத்தில் அகதிகளை நடிக்கவைத்து வங்கத்தில் இவ்வழியை முயன்றவர் நிமாய் கோஷ். அவர் பின்னர் சென்னையில் குடியேறி 1960-இல் தமிழில் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கினார். ராய் அதற்குள் 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) ஆகிய படங்களுடன் அப்புவின் கதையை நிறைவுசெய்திருந்தார். பதேர் பாஞ்சாலிக்குப் பிறகு அவர் விளம்பர நிறுவன வேலையிலிருந்து விலகி, வாழ்நாள் முழுவதும் படங்கள் எடுத்தார்.