இதய அறுவையில் பகுதி மயக்கம்

நோயாளியின் நினைவை முற்றிலும் போக்காமல், நெஞ்சுக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்து இதய அறுவை செய்வது பகுதி மயக்க முறை எனப்படும். இதய நோயோடு நாட்பட்ட நுரையீரல் நோயும் உடையவர்களே இதனால் பெரிதும் பயன்பெறக் கூடியவர்கள். முழு மயக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் இணைத்தபின், பழுதுபட்ட நுரையீரலை அதிலிருந்து விடுவிப்பது எளிதன்று. காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் இத்தகைய பழுது தழும்பாகத் தங்கிவிடுவதுண்டு.

நோயாளியை உட்காரவைத்துத் தலையைக் குனியச் செய்து, பிடரிக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் முள்ளெலும்பை அடையாளமாகக் கொண்டு, தண்டுவட உறைக்கு வெளியேயுள்ள ‘எபிடியூரல்’ இடைவெளியில் மெல்லிய குழாயைச் செருகி, புபிவகெயின் போன்ற மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். நெஞ்செலும்பைப் பிளக்கும் வலி மறைவதோடு, இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளும் தணிந்து துடிப்பு நிதானப்படுகிறது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்தே புறப்படுவதால் மூச்சு பொதுவாகத் தடைபடுவதில்லை. ஆனால் கால் மரக்காது என்பதால், பைபாஸ் அறுவைக்கு அங்கிருந்து சிரை எடுக்கத் தனி ஊசி வேண்டும். நுரையீரல் உறை கிழிந்தால் நோயாளி மூச்சுத் திணறி, முழு மயக்கத்துக்கே மாற நேரலாம்.

துருக்கியின் அங்காராவில் கராகோஸ் குழுவினர் 2000இல் விழித்திருப்போருக்குச் செய்த பைபாஸ் அறுவைகளை வெளியிட்டனர். பெங்களூரில் விவேக் ஜவளி, முரளி சக்ரவர்த்தி குழுவினரும் அதே காலகட்டத்தில் இம்முறையைக் கையாண்டனர். இருந்தும் இது பரவலாகாததற்கு முதன்மைக் காரணம் ஹெபாரின் என்றே கருதலாம். இரத்தம் உறையாதிருக்க அறுவையின்போது தரப்படும் இம்மருந்தால் ஊசி பட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டுத் தண்டுவடம் நசுங்கினால் கால்கள் செயலிழக்கும். ஆகவே ஊசிக்கும் ஹெபாரினுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவதும், ஊசியில் இரத்தம் தென்பட்டால் அறுவையை ஒரு நாள் தள்ளிவைப்பதும் வழக்கம். ஸ்டென்ட் வைத்து, இரத்த உறைவைத் தடுக்கும் குளோபிடோகிரெல் உட்கொள்பவர்களுக்கு அம்மாத்திரையைச் சில நாள் நிறுத்தாமல் எபிடியூரல் தருவதில்லை.

2016இல் விவரிக்கப்பட்ட, முதுகை நிமிர்த்தும் தசையின் அடியில் அல்ட்ராசவுண்ட் துணையோடு மருந்திடும் முறை, முள்ளெலும்புக் கால்வாய்க்குள் நுழையாததால் இந்த அச்சத்தைப் பெரிதும் குறைத்தது. எனினும் அது முழு மயக்கத்துக்கு மாற்றாக அன்றி, வலிமருந்தைக் குறைத்து, மூச்சுக்குழலில் செலுத்திய குழாயை விரைவில் அகற்ற உதவும் துணையாகவே தரப்படுகிறது.