காத்திருப்பு அறையில் நடந்தது: லெகோ குழுச் சிகிச்சை குறித்து ஒரு மறுவாசிப்பு

லெகோ குழுச் சிகிச்சை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏன் பயன் தருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. மூன்று பிள்ளைகள், மூன்று பொறுப்புகள்: படத்தைப் பார்த்துச் சொல்லும் பொறியாளர், கட்டைகளைத் தேடித் தருபவர், கட்டுபவர். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை என்பதால் வாய் திறக்காமல் வேலை நகராது. பேசிப் பேசித் திறன் வளர்கிறது. பள்ளிக் கையேட்டுக்குள் அழகாக அடங்கிவிடும் விளக்கம் இது. ஆனால் இதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படும் டேனியல் லெகாஃபின் 2004ஆம் ஆண்டுக் கட்டுரை வேறொன்றைச் சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அதில் கவனிக்க வேண்டியது, எங்கே அளந்தார்கள் என்பது. ஆய்வில் 47 பிள்ளைகள். சிகிச்சைக்காகக் காத்திருந்த காலமே ஒப்பீட்டுக் காலம். அக்காலத்தில் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. சிகிச்சை தொடங்கிய பின் 12 வாரத்திலும் 24 வாரத்திலும் மூன்று அளவைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. அவற்றுள் முதலாவது, பிள்ளை தானாகவே முன்வந்து சக பிள்ளையை அணுகிய தடவைகள். சிகிச்சை அறைக்கு வெளியே, யாரும் யாருக்கும் பொறுப்பு பிரித்துக் கொடுக்காத நேரத்தில் எண்ணப்பட்டவை அவை.

பொறுப்புப் பகிர்வுதான் காரணம் என்றால், கேட்டால் பதில் சொல்லும் நேர்த்தி கூடியிருக்க வேண்டும். கூடியதோ கேட்காமலே போய்ப் பேசும் தடவைகள். எப்படிப் பேசுவது என்று தெரிவது திறன். போய்ப் பேச வேண்டும் என்று தோன்றுவது விருப்பம். லெகாஃபின் எண்கள் இரண்டாவதையே தொடுகின்றன என்பது என் துணிபு.

இதை நிரூபணம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் குழு அமர்வோடு தனியமர்வும் இருந்தது. குழுவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. குழுச் சிகிச்சையின் வெற்றி என்று இக்கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் இதைப் பேசாமலே கடந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கலப்பு என் வாசிப்பைவிட அவர்கள் வாசிப்பையே அதிகம் குலைக்கிறது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் உட்காரும் அமர்வில் மூவர் பொறுப்புக்கு இடம் ஏது?

இச்சிகிச்சை பிறந்த கதையும் இங்கே பொருந்துகிறது. லெகாஃபிடம் தனித்தனியே வந்துகொண்டிருந்த இரண்டு சிறுவர்கள், அதுவரை ஒருவரையொருவர் பொருட்படுத்தாதவர்கள், காத்திருப்பு அறையில் ஒருநாள் தத்தம் லெகோ படைப்புகளோடு எதிர்ப்பட்டார்கள், பேச்சு தொடங்கிவிட்டது. அங்கே பொறியாளரும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. இருவருக்கும் ஒரே பித்து. அவ்வளவுதான். (சிகிச்சையாளர் உள்ளே இருந்த நேரத்தில் சிகிச்சை வெளியே நடந்திருக்கிறது.) பின்னால் குழுக்களை அவர் மன்றமாக அமைத்ததும், உதவியாளர் தொடங்கி மேதை வரை படிநிலைகள் வைத்ததும் இந்தப் பித்தை உறுப்புரிமையாக மாற்றவே என்று கொள்ளலாம்.

கேம்பிரிட்ஜில் நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வும் துணைநிற்கிறது. 18 வாரங்கள், வாரம் ஒரு மணி நேரம். ஒரு தரப்புக்கு லெகோ, மற்றொரு தரப்புக்குச் சமூக மொழித் திறன்களை நேரடியாகக் கற்பிக்கும் பயிற்சி. ஆட்டிசம் சார்ந்த சமூக ஊடாட்டச் சிக்கல்களில் லெகோ தரப்பே கூடுதலாக முன்னேறியது. திறனைக் கற்பிப்பதே வழி என்றால் முடிவு திரும்பியிருக்க வேண்டும்.

2023இல் வெளியான பிரிட்டன் பள்ளி ஆய்வு, 250 பிள்ளைகளிடையே சிறிய பயனையே கண்டதே என்பார்கள். அங்கே நடந்தவை 12 அமர்வுகள். முதன்மை அளவை, பள்ளி ஊழியர் நிரப்பிய சமூகத் திறன் படிவம். தானாக முன்வந்து அணுகிய தடவைகளை அப்படிவம் நேரடியாக எண்ணுவதில்லை.

செய்து பார்க்க வேண்டிய சோதனை சிக்கலானதல்ல. பொறுப்புப் பகிர்வை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு குழுவில் லெகோவின் மேல் உயிரையே வைத்திருக்கும் மூவரையும், இன்னொன்றில் கால அட்டவணை ஒத்துவந்ததால் சேர்க்கப்பட்ட மூவரையும் உட்கார வைக்கலாம். பிறகு அளவையைப் பள்ளி மதிய இடைவேளையில் எடுக்க வேண்டும்.