காவலுக்கு யார் கணக்குக் கேட்பது?

நம் குடியிருப்பின் மாதப் பராமரிப்புக் கணக்கில் செக்யூரிட்டிச் செலவு பெரிய தொகை. ஆனால் லிஃப்ட் பராமரிப்புக்கும் தண்ணீர் லாரிக்கும் கேட்கும் கேள்விகளில் பாதியைக்கூட நாம் அதற்குக் கேட்பதில்லை. எத்தனை ஆள், எத்தனை ஷிஃப்ட், எவ்வளவு சம்பளம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். காவல் இருப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் தவறினால் யார் கேட்பது என்ற பேச்சு வருவதில்லை. அடுத்த பொதுக்குழுவில் கேமராவும் காவலும் விவாதத்துக்கு வருவதால், என் சொந்த வட்டாரமான அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் இந்தக் கேள்வி பட்ட பாட்டைச் சொல்லலாம் என்று தோன்றியது.

களத்தில் அளந்த கூலி

அது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை விரல் விட்டு எண்ணலாம். கம்பு, சோளம், பருத்தி, மிளகாய் என்று மழையை நம்பிய வெள்ளாமை. விளைந்ததைக் காட்டிலேயே திருடிவிட்டால், அல்லது உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால், அந்தக் குடும்பம் அடுத்த மழை வரை எழுந்திருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு ஊரும் காவலுக்கு ஆள் வைத்தது. ஊரளவில் இருந்தது தலக்காவல். பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பார்த்தது தேசகாவல். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மறவர்கள் இந்த உரிமையை வைத்திருந்தார்கள். கூலி தானியமாகவும் பணமாகவும் போயிற்று. அறுவடை முடிந்ததும் களத்திலேயே காவல்காரனுக்கு உரிய பங்கை அளந்து கொடுப்பது வழக்கம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல விதி இருந்தது. பொருள் களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்; முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இன்று எந்த செக்யூரிட்டி ஏஜென்சியும் இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது.

கெட்ட பக்கமும் இருந்தது. காவல் உரிமை பரம்பரையாக வந்தது. ஊருக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றாலும் மாற்ற முடியாது. காவல் கூலி கொடுக்காத வீட்டில் களவு போவதும், காணாமல் போன மாட்டுக்குத் துப்புக்கூலி கொடுத்தால் மாடு எங்கிருந்தோ திரும்பி வருவதும் மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. காப்பவரே பயமுறுத்துபவராகவும் ஆனபோது, மேல்முறையீட்டுக்கு ஊராருக்கு இடமில்லை.

கச்சேரிக்குப் போன காவல்

பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், 1801 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி தென்சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்க உத்தரவிட்டது. காவல் உரிமைகளும் படிப்படியாகப் பறிபோயின. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் போலீஸ் வேலையை வருவாய்த் துறையிடமே கொடுத்தது. மேலே கலெக்டர், நடுவில் தாசில்தார், ஊரில் மணியக்காரரும் தலையாரியும். சில்லறைச் சண்டைகளுக்கு மணியக்காரரே சிலமணி நேரம் அடைத்து வைக்கலாம். தாழ்ந்த சாதியார் என்று கருதப்பட்டவர்களைத் தொழுமரத்தில் மாட்டலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஊர்க்காவல் என்று நாம் ஏக்கத்தோடு பேசும்போது இதையும் மறக்கக் கூடாது. ஊர் என்பது எல்லோருக்கும் ஒரே ஊராக இருந்ததில்லை.

வரி வசூலிப்பவரும் குற்றம் விசாரிப்பவரும் ஒருவரே என்றால் என்ன ஆகும்? சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த குழு 1855இல் அறிக்கை கொடுத்தது. வரி பாக்கிக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் ஆட்களைக் கிட்டி போட்டு நெரித்ததும், குனிய வைத்து அண்ணந்தாள் கட்டியதும் அதில் பதிவாயின. அதன் விளைவாக 1859இல் 24ஆம் எண் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீஸ் தனியாகப் பிரிந்தது. இந்தியா முழுமைக்குமான 1861 போலீஸ் சட்டத்துக்கு முன்பே நம் மாகாணத்தில் இது நடந்துவிட்டது. அந்த 1859 சட்டம் தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம் என்ற பெயரில் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது.

ஒரு கோளாறு தீர்ந்தது, இன்னொன்று வந்தது. புதிய போலீஸ்காரர் தன் மேலதிகாரிக்குப் பதில் சொன்னார், மேலதிகாரி அரசாங்கத்துக்குச் சொன்னார். ஊருக்குச் சொல்ல வேண்டியவர் யாருமில்லை. பழைய காவல்காரர்களின் பிள்ளைகள் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1911 முதல் நடைமுறைப்படுத்தியது. பிரமலைக் கள்ளர்களும், ராமநாதபுரம் பகுதி மறவர்களில் ஒரு பிரிவினரும் அதன் கீழ் கொண்டுவரப்பட்டனர். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பிறப்பை வைத்தே ஒருவரைக் குற்றவாளியாகப் பதிந்த அந்தச் சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. பரம்பரை மணியக்காரர், கணக்குப்பிள்ளை பதவிகளைத் தமிழக அரசு 1980இல் ஒழித்தது. அது நியாயமான சீர்திருத்தம்தான். ஆனால் ஊருக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே இருந்த கடைசி ஆளும் அதோடு போனார்.

நண்பர்கள் வந்தார்கள், போனார்கள்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1910 முதல் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. 1985 மார்ச்சில்தான் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. அந்த ராமநாதபுரத்தில், 1993இல் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களில் விருப்பமுள்ளவர்கள் ரோந்து, போக்குவரத்து, தகவல் பகிர்வு ஆகியவற்றில் போலீஸுக்கு உதவலாம். பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. போலீஸைக் கண்டு ஒதுங்கிப் போன ஊர்களில், காவல் நிலையத்துக்குள் சாதாரண மனிதர் பயமில்லாமல் நுழைய இது உதவும் என்பதே எண்ணம்.

அதிலும் பழைய கேள்விக்கு விடை இல்லை. உதவிக்கு வந்தவரைத் தேர்ந்தெடுப்பது யார், விலக்குவது யார்? இரண்டும் போலீஸ்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, நிலையத்தில் இருந்த தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது. அவர்கள் தம் அமைப்பைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அமைப்பின் தரப்பு மறுத்தது. எப்படியானாலும் 2020 ஜூலையில் அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. மத்தியப் புலனாய்வுத் துறை ஒன்பது போலீஸார் மீது கொலைக் குற்றச்சாட்டுடன் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

அந்த வழக்கில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். முதலாவது, விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட்டுக்கு ஒத்துழைப்பு கிடைக்காததால், அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1859இல் வருவாய்த் துறையிடமிருந்து பிரித்த போலீஸை, 161 ஆண்டுகள் கழித்து ஒரு நிலையத்தில் சில நாள்களுக்கு அதே துறையிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. இரண்டாவது, நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவை வைத்திருக்க இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று மாஜிஸ்திரேட் தெரிவித்தார்.

நகராட்சிக்கு ஒரு நாற்காலி

நம் கவுன்சிலரிடம் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லலாம். இரவு ரோந்து வரவில்லை என்று சொன்னால், அது தன் வேலை இல்லை என்பார். அவர் சொல்வது சரி. அரசியலமைப்பில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நகராட்சிகளுக்காக 12ஆவது அட்டவணை வகுத்த 18 பணிகளில் தெருவிளக்கு உண்டு, தீயணைப்பு உண்டு, போலீஸ் இல்லை. இங்கிலாந்தில் வேறு மாதிரி. 1998ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சியும் போலீஸும் சேர்ந்துதான் வட்டாரப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்தக் கூட்டு வேலையைக் கவுன்சிலர்கள் குழு ஆராய்ந்து கேள்வி கேட்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது.

நமக்கும் 2006இல் ஒரு வாய்ப்பு வந்தது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் போலீஸ் மீதான புகார் ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ மாநிலத்தில் உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் தலைமையில் வைத்தது. வங்கியில் கேஷ் வைத்திருப்பவரே தணிக்கைக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. கல்லாப்பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு கை. அந்த விதி இங்கே முழுதாக வரவில்லை.

ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று நடந்திருக்கிறது. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதங்கள் வைக்க வேண்டும், வசதி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டு என்று உத்தரவிட்டது. அதைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவில் மாவட்ட ஆட்சியர், கண்காணிப்பாளர் ஆகியோரோடு, மாவட்டத்திலுள்ள ஒரு நகராட்சியின் தலைவர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவரும் இருக்க வேண்டும் என்றது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவருக்கு, காவல் நிலையத்தைக் கண்காணிக்கும் குழுவில் ஒரு நாற்காலி. அந்தக் குழு கூடுகிறதா, எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

பழைய காவலில் பொறுப்பு இருந்தது, முறையீட்டுக்கு இடமில்லை. புதிய போலீஸில் முறை இருக்கிறது, ஊருக்குப் பதில் இல்லை. இரண்டையும் சேர்ப்பதை நம் கேட்டிலிருந்தே தொடங்கலாம். பொதுக்குழுவுக்கு என் யோசனைகள் இவை.

ஒன்று, தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். காவலர்களின் நடத்தையைச் சரிபார்த்து, பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். நம் ஏஜென்சியின் உரிம நகலையும் சரிபார்ப்பு விவரங்களையும் வாங்கி அலுவலகக் கோப்பில் வைப்போம்.

இரண்டு, கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், யார் அழிக்கலாம் என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பார்க்கும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும்.

மூன்று, வேலைக்கு வரும் அம்மாக்களையும் டெலிவரிப் பையன்களையும் சோதிப்பதில் ஒரே விதி இருக்கட்டும். பார்த்த முகத்தை வைத்துச் சந்தேகப்படும் பழக்கம் எங்கே கொண்டு போய்விட்டது என்பதை மேலே பார்த்தோம். காவலர் மீது புகார் என்றால் அவர்களும் சொல்லலாம். செயலாளர் அல்லாத ஒரு உறுப்பினர் அதை விசாரிக்கட்டும்.

நான்கு, வார்டு அளவில் பகுதி சபை கூடும்போது நம் சங்கத்திலிருந்து இருவர் போய், தெருவிளக்கோடு சேர்த்து மாவட்டக் கண்காணிப்புக் குழுவைப் பற்றியும் கேட்கட்டும். கவுன்சிலருக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். கேள்வியை மேலே கொண்டு போக அவரால் முடியும்.

திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி களத்தில் கூலி அளந்தபோது, காவல்காரன் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பும் பணத்துக்கும் அந்த அளவு தெளிவாவது இருக்க வேண்டும்.