வெள்ளரியின் பெண் பூவும் வீரிய ஒட்டு விதையும்

இமயமலை அடிவாரத்தில் இன்றும் தானாகப் படரும், கசப்பு மிகுந்த சிறு காய்களைத் தரும் ஹார்ட்விக்கி என்னும் காட்டு வகையையே வெள்ளரியின் மூதாதையாகத் தாவரவியலாளர் கருதுகின்றனர். இந்தியாவில் பயிராகிப் பிற நாடுகளுக்குப் பரவிய இக்கொடியை உழவர்கள் நெடுங்காலம் தம் தோட்டத்தில் முற்றிய பழத்தின் விதையைக் கொண்டே வளர்த்து வந்தனர்.

வேறுபட்ட இரு கால்வழிகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதையான வீரிய ஒட்டு விதை இந்த வழக்கத்தை மாற்றியது. அமெரிக்காவின் பர்ப்பி விதை நிறுவனம் 1945-இல் இத்தகைய வெள்ளரி ரகமொன்றை வீட்டுத் தோட்டத்தாருக்கு விற்கத் தொடங்கியது. எனினும் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூப்பது வெள்ளரியின் இயல்பாதலால், தாய்க்கொடி தன் மகரந்தத்தாலேயே கருவுறாதபடி அதன் ஆண் மொட்டுகளைக் கையால் கிள்ளி நீக்க வேண்டியிருந்தது. விதை விலை உயர்ந்தமைக்கு இவ்வுழைப்பே முதற்காரணம்.

இத்தடையை நீக்கியது கொரியாவிலிருந்து பெறப்பட்ட ஷோகோயின் என்னும் ரகம். அதன் வழித்தோன்றல்களிலிருந்து, பெண் பூக்களை மட்டுமே பூக்கும் கால்வழியை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர்சன் பிரித்தெடுத்தார். ஆண் பூவே இல்லாத கொடி தன் இனத்தைப் பெருக்குவது எவ்வாறு என்னும் கேள்வி உடனே எழுந்தது. ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் அக்கொடியும் ஆண் பூ பூக்கும் என்று அவரும் அவருடன் ஆய்ந்தவரும் 1960-இல் காட்டியதே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். ஒட்டு விதை மலிந்ததும், கொடியின் கீழ்க்கணுக்களிலேயே காய் பிடிக்கும் ரகங்கள் பெருகியதும் அதன் பின்னரே.

இவ்வகை விதைப் பொட்டலங்களில், மகரந்தம் தரும் சாதாரண ரகத்தின் விதைகளைப் பத்தில் ஒரு பங்கு அளவில், பெரும்பாலும் சாயமேற்றிக் கலப்பர். சாயம் பூசிய விதையை வேறாக எண்ணி ஒதுக்கினால், அருகில் வேறு வெள்ளரி இல்லாத தோட்டத்தில் பிஞ்சுகள் வெம்பி உதிரும்.

இந்தியாவில் குலு பள்ளத்தாக்கின் கட்ரைன் ஆய்வு நிலையம், ஜப்பானியப் பெண்பூக் கால்வழியோடு 'கிரீன் லாங் நேப்பிள்ஸ்' ரகத்தைக் கலந்து 'பூசா சன்யோக்' ஒட்டு ரகத்தை உருவாக்கியது. வெள்ளரி பிறந்த இமயச் சாரலுக்கே அதன் ஒட்டு விதை வந்து சேர்ந்தது சிறப்புடைய நிகழ்வு.

ஒட்டு ரகக் காயின் விதை அடுத்த பருவத்தில் தாயைப் போன்ற காயைத் தராது. ஆகவே ஒட்டு ரகம் வளர்ப்போர் நாட்டு வெள்ளரி விதையையும் கைவிடாமல் காக்க வேண்டும். இனி உருவாகும் ஒட்டு ரகங்களுக்கும் பெற்றோராக வேண்டியவை அத்தகைய பழைய ரகங்களே.