திரைக்கேற்ற இணைய வடிவமைப்பு

ஒரே இணையதளம் கைபேசியிலும் மேசைக்கணினியிலும் அந்தந்தத் திரைக்குத் தக்கபடி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறை இது. தொழில்துறையினர் ‘ரெஸ்பான்சிவ் டிசைன்’ என்பார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 2010 மே மாதம் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இணைய இதழில் எழுதிய கட்டுரையால் இந்தப் பெயர் நிலைத்தது.

பெயர்தான் புதிது. 1990–91இல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய முதல் இணையப் பக்கத்துக்கு அகலம் என்ற ஒன்றே கிடையாது. சாளரத்தைக் குறுக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து கீழிறங்கும். அந்த நெகிழ்வைக் கெடுத்தது அச்சுலகப் பழக்கம். 1990களின் பிற்பகுதியில், கோடு தெரியாத அட்டவணைகளுக்குள் எழுத்தையும் படத்தையும் அடுக்கி, பக்கத்தை 640, 800 பிக்சல் என்று பூட்டினார்கள். பின்னர் 960 பிக்சல் வழக்கமானது. அச்சுத்தாளின் கட்டுப்பாட்டை இணையத்தில் தேட வேண்டாம் என்று ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப் 2000இலேயே எழுதினார். மிகச் சரியான எச்சரிக்கை, கேட்டவர்கள் குறைவு.

கைபேசிக்காரர்களுக்குத் தனிவழி போடப்பட்டது. முதலில் கைபேசிக்கென அமைந்த எளிய இணைய முறையான வாப், 1999இல் வந்த நோக்கியா 7110 அதைக் கையில் கொண்டுவந்தது. அடுத்து, முகவரியின் தொடக்கத்தில் ‘எம்’ என்ற எழுத்தைச் சுமந்த தனித் தளங்கள். ஒரே செய்தியை இரண்டு தளங்களில் பராமரிக்க வேண்டியிருந்தது. கைபேசியிலிருந்து நண்பர் அனுப்பிய இணைப்பைக் கணினியில் திறந்தால், அகன்ற திரையில் ஒற்றைப் பத்தி நீண்டு கிடக்கும்.

2007இல் ஐபோன் வந்தது. அதன் திரை அகலம் 320 பிக்சல்தான். ஆனாலும் அதன் சஃபாரி உலாவி, 980 பிக்சல் அகலம் இருப்பதாக வைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டியது. படிக்க இரு விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டும். உண்மையான திரை அகலத்தையே பயன்படுத்தச் சொல்லும் ‘வியூபோர்ட்’ என்ற ஒற்றை வரிக் குறிமுறையையும் ஆப்பிளே கொடுத்தது. இன்றும் அந்த வரி விடுபட்டால் மற்ற உழைப்பெல்லாம் கைபேசியில் வீண்.

மார்கோட் சேர்த்துக் கட்டியவை மூன்று. முதலாவது, பிக்சலுக்குப் பதில் விகிதம்: 960 பிக்சல் பக்கத்தில் 300 பிக்சல் பத்தி என்றால், 300ஐ 960ஆல் வகுத்து 31.25 சதவீதம் என்று எழுத வேண்டும். இரண்டாவது, படம் தன் கட்டத்தைத் தாண்டாதிருக்க அதிகபட்ச அகலம் 100 சதவீதம். மூன்றாவது ‘மீடியா குவெரி’: திரை 600 பிக்சலுக்குக் கீழே போனால் மூன்று பத்தியை ஒன்றாக்கு என்பதுபோன்ற நிபந்தனை. தனித்தனியே மூன்றும் ஏற்கெனவே இருந்தவைதான். சேர்த்துப் பார்த்ததுதான் சாதனை.

பெரிய நாளிதழுக்கு இது தாங்குமா என்ற கேள்விக்கு 2011 செப்டம்பரில் ‘பாஸ்டன் குளோப்’ பதில் தந்தது. அந்தத் தளத்தை உருவாக்கியவர்களில் மார்கோட்டும் ஒருவர். அதே ஆண்டு வடிவமைப்பாளர் லூக் ரோப்லெவ்ஸ்கி, சிறிய திரைக்கு முதலில் வடிவமை, பிறகு விரி என்ற வாதத்தை நூலாக்கினார். இடம் குறைந்தால்தான் எது தேவை, எது அலங்காரம் என்பது தெரியவரும் என்பதால், மார்கோட்டின் கணக்குகளைவிட இந்த மனமாற்றமே ஆழமானது எனலாம்.

தயங்கியவர்களை கூகுள் நகர்த்தியது. 2015 ஏப்ரல் 21 முதல், கைபேசித் தேடலில் கைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு அது முன்னுரிமை தந்தது. 2016 அக்டோபரில் உலக இணையப் பயன்பாட்டில் கைபேசியும் டேப்லெட்டும் சேர்ந்து கணினியை முந்தியதாக இணையப் புள்ளிவிவர நிறுவனமான ஸ்டாட்கவுன்டர் கணக்கிட்டது.

2022–23இல் முக்கிய உலாவிகள் ‘கன்டெய்னர் குவெரி’யை ஏற்றுக்கொண்டன. திரையை அல்ல, தான் அமர்ந்திருக்கும் கட்டத்தின் அகலத்தைப் பார்த்தே ஒரு பகுதி வடிவம் மாறலாம்.

தமிழ்த் தளங்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ‘மேம்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்’ போன்ற நெடுஞ்சொல் தலைப்பில் பெரிய எழுத்தில் வந்தால், கைபேசித் திரையைத் தாண்டிப் பக்கத்தையே பக்கவாட்டில் நகரவைக்கும். இடமில்லாதபோது சொல்லை உடைக்க, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். மொழியில் வழி இருக்கிறது. ஆங்கிலச் சொற்களை மட்டும் இட்டுச் சோதிப்பவருக்கு அதன் தேவை கண்ணில் படாது.